மறைத்தது யார், யாரிடமிருந்து? தமிழ்த் திரைப்பாடல்களின் உட்பொருளைத் தேடுவது குறித்து

1966இல் ஏவி.எம். நிறுவனம் தயாரித்த ‘அன்பே வா’ படத்தில், புதிய வானத்தையும் புதிய பூமியையும் வியந்தபடி சிம்லாவில் எம்.ஜி.ஆர். பாடிவரும் பாட்டைக் கேட்காத தமிழர் அரிது. அதை எழுதியவர் வாலி. ‘புதிய சூரியனின் பார்வையிலே, உலகம் விழித்துக்கொண்ட வேளையிலே’ என்று அதில் ஓர் அடி வருகிறது. வாலி முதலில் எழுதியது ‘புதிய சூரியன்’ அன்று, ‘உதய சூரியன்’. அப்போது சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. உதயசூரியன் எதிர்க்கட்சியான தி.மு.க.வின் தேர்தல் சின்னம். அதைப் பாடுபவரோ அக்கட்சியின் மிகப் பெரிய நட்சத்திரம். தணிக்கைக் குழு மறுத்தது, சொல் மாறியது.

மாறிய அடியைச் சற்று நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். ‘உதய’, ‘உலகம்’ என்னும் இரண்டு சொற்களும் உகரத்தில் தொடங்கி மோனையாய் அமைந்திருந்தன. ‘புதிய’ என்று மாற்றியதும் அந்த மோனை அறுந்துவிட்டது. ஆனால் ‘உதய’வும் ‘புதிய’வும் ஓசையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நிற்கின்றன. எனவே செவி பழகிய ஒருவருக்கு இந்த அடியில் ஏதோ ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும், எது எடுக்கப்பட்டது என்பதும் தெரியும். வாலி எழுதியபோது வெளிப்படையாக இருந்த ஒரு பொருளை மறைபொருள் ஆக்கிக் கொடுத்தது தணிக்கைக் குழுதான். வெட்டப்படாமல் வந்திருந்தால் அது கட்சிப் பாட்டின் ஓர் அடியாகக் கடந்து போயிருக்கக்கூடும். வெட்டப்பட்டதால், கேட்பவரே இட்டு நிரப்பிக்கொள்ளும் அடியாயிற்று. மறு ஆண்டு நடந்த தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது.

திரைப்பாட்டில் உள்ளர்த்தம் தேடுவது தமிழர்களிடையே ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்திருக்கிறது. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ‘இந்தப் பாட்டு உண்மையில் யாருக்காக எழுதினது தெரியுமா?’ என்று யாராவது தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஆர்வம் மதிக்கத்தக்கது என்றே கருதுகிறேன். சொல்லை மதிக்கும் சமூகத்தில்தான் அது இருக்கும். ஆனால் அந்தத் தேடலில் பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிற ஒரு கேள்வி உண்டு. ஒரு பொருள் மறைந்திருக்கிறது என்றால், அதை மறைத்தது யார், யாரிடமிருந்து மறைத்தார்? இதற்கு விடை கிடைத்தால் உட்பொருளின் தன்மை தெளிவாகிவிடும். கிடைக்காவிட்டால், நாம் கண்டுபிடித்ததாக எண்ணுவது நாமே கொண்டுவந்து வைத்ததாக இருக்கலாம்.

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதியதன்று. ‘உள்ளுறுத்து இதனொடு ஒத்துப்பொருள் முடிகென உள்ளுறுத்து உரைப்பதே உள்ளுறை உவமம்’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. சொல்லப்படும் காட்சியோடு சொல்லப்படாத செய்தி ஒத்து முடிய வேண்டும் என்பது இதன் கருத்து. குறுந்தொகையின் எட்டாம் பாடலை எடுத்துக்கொள்வோம். ஆலங்குடி வங்கனார் பாடியது. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப்போகும் பெண், தலைவியின் தோழியர் காதில் விழும்படி பேசுகிறாள். வயலோரத்து மாமரத்திலிருந்து தானே முற்றி விழுகிற இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் தலைவன் என்று தொடங்குகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் அது மருத நிலத்தின் வளத்தைச் சொல்லும் வருணனை. உள்ளே இருப்பது வேறு: மீன் மரம் ஏறவில்லை, பழம்தான் விழுந்தது, நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவன்தான் வந்தான். தொடர்ந்து, என்னிடத்தில் பெரும்பேச்சுப் பேசுகிறவன் தன் வீட்டுக்குப் போனதும், முன் நிற்பவர் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, தன் மகனின் தாய் விரும்பியபடி ஆடுகிறான் என்று முடிக்கிறாள்.

இங்கே எல்லாம் தெளிவாக இருக்கிறது. மறைத்தவள் பரத்தை. நேருக்கு நேர் நின்று வாதாடும் இடம் அவளுக்கு இல்லை என்பதால் மறைக்கிறாள். புரிந்துகொள்ள வேண்டியவர்கள் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். மீன், பழம், மரம் ஆகிய மூன்றும் பாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. உரைகாரர் எதையும் வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. உட்பொருளைச் சொல்லுகிற எவரும் இந்த மூன்று கதவுகளையும் தட்டிப் பார்ப்பது நல்லது: மறைப்பதற்கு ஒரு காரணம், கேட்பதற்கு ஒருவர், பாட்டுக்குள்ளேயே ஒரு சான்று.

தமிழ் சினிமா பேசத் தொடங்கிய நாளிலேயே மறைப்பதற்குக் காரணம் இருந்தது. 1918ஆம் ஆண்டின் சினிமாச் சட்டத்தின் கீழ்த் தணிக்கை நடைமுறைக்கு வந்திருந்தது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ ஒரு புராணச் சாயல் கொண்ட கதைப்படம். சமஸ்கிருதக் கவி காளிதாசனின் கதைக்கும் கைராட்டைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி அதில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய, காந்தியின் ராட்டினத்தைக் கைப்பாணமாகப் போற்றும் பாட்டைப் பாடினார். முந்தைய ஆண்டுதான் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்திருந்தது. இதை உட்பொருள் என்றுகூடச் சொல்ல முடியாது. பாட்டில் எதுவும் மறையவில்லை, பழங்கதை என்னும் போர்வைதான் அதன் மேல் கிடந்தது. அவையில் இருந்தவர்கள் போர்வையையும் அறிவார்கள், உள்ளே இருப்பதையும் அறிவார்கள்.

பிற்காலத்தில் அந்தப் போர்வையின் இடத்தைக் காதல் பாட்டு பிடித்துக்கொண்டது. 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய ஒரு பாட்டில், காடு விளைந்தும் என்ன பயன், நமக்குக் கையும் காலும்தானே மிச்சம் என்று பெண் கேட்கிறாள். ஆண், காலம் இருக்கிறது பொறு என்று ஆறுதல் சொல்கிறான். வடிவத்தில் அது கிராமத்துக் காதலர்களின் உரையாடல். உள்ளடக்கத்தில் உழைப்பவனுக்கும் விளைச்சலுக்கும் இடையில் இருக்கும் கணக்கு. விவசாயத் தொழிலாளர் இயக்கத்தோடு நின்று, இருபத்தொன்பது வயதில் மறைந்த ஒரு கவிஞர் அதை எழுதினார் என்பது தெரிந்தால் பாட்டு இன்னும் கனக்கிறது. ஆனால் தெரியாவிட்டாலும் பொருள் குறைவதில்லை. அறுவடை முடிந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய எவருக்கும் அந்த ‘மிச்சம்’ என்ற சொல் போதும்.

இந்த இடத்தில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குறுந்தொகைப் பாட்டிலும் ‘கையும் காலும்’ என்னும் தொடர் வருகிறது, பட்டுக்கோட்டையார் பாட்டிலும் அதே தொடர் வருகிறது. சங்கப் பாவையின் கைகால்கள் பிறர் ஆட்டத் தாமும் ஆடுகின்றன. கூலிக்காரரின் கைகால்களும் பிறருக்காகத்தானே உழைக்கின்றன என்று சொல்லி, கவிஞர் குறுந்தொகையை உள்ளே வைத்து எழுதினார் என்று ஒரு கட்டுரையே எழுதிவிட முடியும். கேட்க அழகாகவும் இருக்கும். ஆனால் அது தவறு. கையும் காலும் என்பது தமிழர் அன்றாடம் பேசுகிற தொடர். அந்தப் பாட்டில் சங்கக் காட்சியை நினைவூட்டும் மீனோ பழமோ கண்ணாடியோ எதுவும் இல்லை. மறைத்து வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. இரண்டு இடத்தில் ஒரே சொல் வந்துவிட்டதால் மட்டும் இரண்டுக்கும் இடையில் சுரங்கப்பாதை இருப்பதாகிவிடாது.

சுரங்கப்பாதை உண்மையாகவே இருக்கிற பாட்டு எப்படி இருக்கும் என்பதற்கு 1962இல் வந்த ‘பலே பாண்டியா’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘அத்திக்காய்’ பாட்டைக் காட்டலாம். சந்தைக்குப் போய்வந்தது போல் காய்களின் பெயர்களாகவே அடுக்கிக்கொண்டு போகும் பாட்டு அது. சிறுவயதில் அதைக் கேட்பவர்கள் காய்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். பாட்டு உண்மையில் நிலவை நோக்கிப் பேசுகிறது. ‘காய்’ என்பது காய்கறி மட்டும் அன்று. ‘நிலா காய்கிறது’ என்கிறோமே, அந்தக் காய்தலின் ஏவல் வினையும் அதுதான். ‘அத்திக்காய் காய்’ என்றால், வெண்ணிலவே, அந்தத் திக்காகப் பார்த்துக் காய். ‘இத்திக்காய் காயாதே’ என்றால், இந்தத் திக்கில் காயாதே; நீயும் என்னைப்போல் ஒரு பெண்தானே என்று அடுத்து வருகிறது. ‘அவரைக்காய்’ என்பதில் கொடியில் காய்க்கும் அவரையும் இருக்கிறது, ‘அவரைப் போய்க் காய்’ என்ற வேண்டுகோளும் இருக்கிறது. ‘கோவைக்காய்’ என்பதில் ‘கோ’ என்றால் அரசன். மங்கையாகிய என்னுடைய அரசனைக் காய் என்பது பொருள். ‘மாதுளங்காய்’ என்பதைப் பிரித்தால் மாது, உளம், காய் என்று விழுகிறது. பெண்ணின் உள்ளம் கனியாமல் காயாகவே இருந்தாலும் என் உள்ளம் அப்படி இருக்குமா என்று ஆண் கேட்கிற இடம் அது.

இதைத் தண்டியலங்காரம் சிலேடை என்று பெயரிட்டு, சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரித்தால் வேறு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் வகுத்திருக்கிறது. ‘காய்’ முதல் வகை, ‘மாதுளங்காய்’ இரண்டாம் வகை. பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடைத்த காளமேகப் புலவரின் மரபு, சில நிமிடத் திரைப்பாட்டுக்குள் பி.பி. ஸ்ரீனிவாஸ், டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, ஜமுனாராணி ஆகியோரின் குரல்களில் உயிரோடு வந்து நிற்பதைத் தமிழின் பெரும் பேறுகளில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன். இங்கே மறைப்பதற்குக் காரணம் அச்சமோ சட்டமோ அன்று, நாணமும் விளையாட்டும்தான். தன் ஏக்கத்தை நேராகச் சொல்லக் கூசுகிற பெண், காய்கறிக் கூடைக்குள் ஒளித்து நிலவின் வழியாகத் தூது விடுகிறாள். ஒவ்வொரு காயும் இரு வழியிலும் இலக்கணப்படி பொருந்துகிறது என்பதே இதன் சான்று. கவிஞர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, அகராதியும் காதும் போதும்.

இதே கண்ணதாசனின் இன்னொரு பாட்டைப் பற்றிய கதைக்கு இந்த உறுதி கிடையாது. 1967இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில், சிவகாமியின் மகனிடம் என் சேதியைச் சொல், என்னைச் சேரும் நாளைப் பார்க்கச் சொல் என்று தோழியிடம் கூறும் பாட்டு ஒன்று உண்டு. சிவகாமி என்றால் பார்வதி, அவள் மகன் முருகன். பாட்டுக்குள்ளேயே வேலனும் வருகிறான். அதனால் முருகனைக் காதலனாக வைத்துப் பாடும் பழைய மரபில் அது முழுமையாகப் பொருந்துகிறது. காமராசரின் தாயார் பெயரும் சிவகாமி. இதைப் பிடித்துக்கொண்டு, காங்கிரசில் சேரும் விருப்பத்தைக் கவிஞர் காமராசருக்குப் பாட்டாலேயே தெரிவித்தார் என்ற கதை பல்லாண்டுகளாக உலவுகிறது.

கதையின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் கண்ணதாசன் 1961இல் தி.மு.க.வை விட்டு ஈ.வெ.கி. சம்பத்துடன் வெளியேறியவர், அவர்கள் தொடங்கிய தமிழ்த் தேசியக் கட்சி 1964இல் காங்கிரசோடு இணைந்துவிட்டது. 1967இல் வந்த படத்தின் பாட்டை, கட்சியில் சேர்வதற்கான விண்ணப்பமாகப் படிப்பதற்கு ஆண்டுக்கணக்கு இடம் கொடுக்கவில்லை. காமராசர் மீது கவிஞருக்கு இருந்த பற்று ஊரறிந்தது. சிவகாமி என்ற பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பற்று மனத்தில் ஒரு கணம் ஒளிர்ந்திருக்கலாம். அவ்வளவு தூரம் போகலாம். அதற்கு மேல் போனால், பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டுப் பாட்டைப் பற்றிய கதையைக் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். இந்த வகைக் கதைகளால் வரும் இழப்பும் அதுதான். பெயரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில், பெண்ணின் ஏக்கத்தைச் சொல்லும் மற்ற அடிகள் யார் காதிலும் விழாமல் போகின்றன.

சில உட்பொருள்கள் யாரிடமிருந்தும் மறைக்கப்பட்டவை அல்ல. படித்தவர் கண்டுகொள்ளட்டும் என்று வைக்கப்பட்டவை. மணிரத்னத்தின் ‘இருவர்’ (1997) படத்துக்கு வைரமுத்து எழுதிய ‘நறுமுகையே’ பாட்டில் ‘அற்றைத் திங்கள் அந்நிலவில்’ என்று காதலர் தங்கள் பழைய சந்திப்பை நினைவுகூர்கிறார்கள். புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் படித்தவருக்கு அந்தத் தொடர் வேறு இடத்துக்கு அழைத்துப் போகும். அது பாரி மகளிரின் புலம்பல். அன்றைய திங்களின் வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய திங்களின் வெண்ணிலவில் வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார், எங்களுக்குத் தந்தையும் இல்லை. தமிழில் இழப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன பாட்டை நான் படித்ததில்லை. காதல் பாட்டு அதில் பாதியை, அந்த ‘அற்றை’யை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்து வரவேண்டிய ‘இற்றை’ பாட்டில் இல்லை.

அது படத்தில் இருக்கிறது. திரைத்துறையிலும் அரசியலிலும் நண்பர்களாகத் தொடங்கிய இருவர், பின்னர் அதிகாரத்தின் பொருட்டுப் பிரிந்து போவதுதான் ‘இருவர்’ கதை. அவர்கள் இளமையும் நட்புமாக இருந்த காலப்பகுதியில் இந்தப் பாட்டு வருகிறது. கவிஞர் இதை எண்ணித்தான் அந்தத் தொடரை எடுத்தாரா, ஓசையின் அழகுக்காக எடுத்தாரா என்று விவாதிக்கலாம். என்னைக் கேட்டால் அந்த விவாதம் தேவையில்லை. தொடர் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதன் மறுபாதி புறநானூற்றில் இருக்கிறது, கதை இரண்டையும் இணைக்கிறது. சான்று இவ்வளவு அருகருகே கிடக்கும்போது ஆசிரியரின் வாக்குமூலத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சொற்களே இல்லாமல் இசையும் உட்பொருளைத் தாங்கும். கே. பாலசந்தர் இயக்கிய ‘சிந்து பைரவி’யில் (1985) ஒரு கச்சேரிக் காட்சி. கேட்பவர்களுக்குப் புரியாத மொழியில் ஏன் பாட வேண்டும், தமிழில் பாடினால் என்ன என்று சிந்து என்னும் பெண் எழுந்து பாடகரைக் கேட்கிறாள். அப்படியானால் நீயே பாடிக்காட்டு என்கிறார்கள். அவள் ‘பாடறியேன் படிப்பறியேன்’ என்று நாட்டுப்புற மெட்டில் தொடங்குகிறாள். சித்ராவின் குரல், அந்தப் பாட்டுக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. பாட்டு வளர்ந்து வளர்ந்து, கேட்பவர் அறியாமலே, தியாகராஜரின் ‘மரி மரி நின்னே’ கீர்த்தனைக்குள் போய் முடிகிறது.

அந்தக் கீர்த்தனையைக் கச்சேரிகளில் காம்போதி ராகத்தில் பாடுவதே வழக்கம். இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றியிருக்கிறார், நாட்டுப்புறப் பாட்டையும் அதே சாரமதியில் அமைத்திருக்கிறார். ஏறும்போது ஏழு சுரங்களும் வந்து, இறங்கும்போது பஞ்சமமும் ரிஷபமும் விலகிப்போகும் ராகம் அது. எளிய மெட்டு ஒன்று, கீர்த்தனை ஒன்று, இரண்டும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றன. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்னும் எண்ணத்துக்குச் சிந்து சொல்லால் விடை தரவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தையல் தெரியாமல் நடந்து காட்டிவிடுகிறாள். ராகத்தின் பெயர் தெரியாதவருக்கும் அந்த இணைப்பு நிகழும் கணத்தில் மெய்சிலிர்க்கிறது. காரணம் தெரிந்தவருக்கோ, ஒரு வழக்கின் தீர்ப்பை இசையிலேயே கேட்ட நிறைவு கிடைக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் பாட்டுக்குள் யாரோ வைத்த பொருள்கள். மக்கள் பாட்டிலிருந்து பெறுகிற ஊக்கம் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. அங்கே மறைத்தவர் எவரும் இல்லை. கேட்பவர் தம் வாழ்க்கையோடு வந்து பாட்டுக்குள் உட்கார்ந்துகொள்கிறார். எல்லாப் பாட்டும் அப்படி உட்கார இடம் தருவதில்லை என்பதால், இடம் தரும் பாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது பயனுள்ளது.

1962இல் வந்த ‘சுமைதாங்கி’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய ‘மயக்கமா கலக்கமா’ பாட்டில் பெயர் எதுவும் கிடையாது. ஊர் கிடையாது. கேட்பவர் ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. மயக்கமா, கலக்கமா, குழப்பமா, நடுக்கமா என்று அடுக்கடுக்காக வினாக்கள் வருகின்றன. இவை ‘ஆம்’ என்று மனத்துக்குள் ஒரு முறை சொன்னால் போதும் என்கிற வினாக்கள். அந்த ‘ஆம்’ விழுந்தவுடன் பாட்டு முன்னிலையில் பேசத் தொடங்கிவிடுகிறது: தேடு, நாடு என்று ஏவல் வினைகள். துன்பம் தீரும் என்று பாட்டு எங்கும் வாக்குக் கொடுப்பதில்லை. வாசல்தோறும் வேதனை இருக்கும் என்கிறது, வாடி நின்றால் அது ஓடாது என்கிறது. பொய்யான நம்பிக்கை தராத பாட்டு என்பதால்தான், உடைந்துபோயிருக்கிற மனிதரும் அதை நம்பிக் கேட்க முடிகிறது.

திருவரங்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, பாட்டெழுத வாய்ப்புத் தேடி அலைந்து, இனி முடியாது என்று ஊருக்கே திரும்ப முடிவுசெய்திருந்த இளைஞர் ஒருவரைப் பார்க்க அப்போது பி.பி. ஸ்ரீனிவாஸ் வந்தார். புதிதாக என்ன பாடினீர்கள் என்று அவர் கேட்க, ஸ்ரீனிவாஸ் அன்றைக்குப் புதிய பாட்டாக இருந்த இதைப் பாடிக் காட்டினார். இளைஞர் ஊர் போகவில்லை. அந்த இளைஞர்தான் வாலி. இந்த நிகழ்ச்சியை வாழ்நாள் முழுவதும் மேடைகளில் நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணதாசனுக்கு அந்தப் பாட்டை எழுதும்போது வாலி என்றொருவர் மனத்தில் இருந்திருக்க வழியில்லை. 1963இல் ‘கற்பகம்’ வந்தது, வாலியின் பாட்டுகள் ஊரெங்கும் ஒலித்தன. அடுத்த மூன்றாண்டுகளில், உகரத்தில் தொடங்கிய ஒரு சொல்லுக்காகத் தணிக்கைக் குழு அவருடைய பாட்டை நிறுத்தி வைக்கும் அளவுக்கு அவர் வளர்ந்திருந்தார்.